ஐந்து மணிக்குள் சேர வேண்டிய எங்கள் அக்காவுக்கு

உழைப்பாளர் உள்ளத்து ஏக்கத்தை ஏட்டில் ஏற்றியவரே! அமைச்சர்கள் வாசலில் அசராமல் அமர்ந்தவரே! மறுத்தாலும் மறுபடியும் மனு வரையும் மாதரசியே! உழைத்து ஓய்ந்தோருக்கு மருத்துவக் காப்பீடும் ஓய்வூதியமும் கேட்டுப் போராடும் நம் கூட்டமைப்பின் செயலாளராக இருபத்தெட்டு ஆண்டுகள் இருந்து, இன்று விடைபெறும் அன்பு அக்காவே, வணக்கம்! விளிப்பு இன்னும் நீளமாக இருந்தது. நேரமில்லாததால் வெட்டிவிட்டோம்.

அக்கா, உங்களால் நாங்கள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. சட்டமன்றக் குழுவுக்குப் போகும் ஒரு மனுவைப் பதினோரு முறை திருத்திவிட்டு, முதலில் அடித்ததே நன்றாக இருந்தது என்று சொல்லி, எங்கள் தட்டச்சரைத் தலையில் அடித்துக்கொள்ள வைத்தவர் நீங்கள். துறைச் செயலர் அறைக்கு வெளியே, ஆடும் பெஞ்சில் காலை முதல் மாலை வரை உட்கார்ந்து, "அவரு வெளிய வந்துதானே ஆகணும்?" என்று கேட்டவரும் நீங்கள்தான். வந்தார். துப்புரவுப் பணியாளர் நாலாயிரம் பேருக்குக் காப்பீட்டு அட்டை கிடைத்தது.

பெருமையாகத்தான் இருக்கிறது. ஆனால் எரிச்சல் எரிச்சலாகவும் வருகிறது அக்கா!

உங்கள் இதய வால்வு பழுதாகிவிட்டது என்று மருத்துவர் சொல்லிப் பதினான்கு மாதம் ஆகிறது. அறுவை சிகிச்சைக்கு நான்கு முறை நாள் குறித்தார்கள். நான்கு முறையும் ஏதோ ஒரு கூட்டம். "அடுத்த வாரம் பாத்துக்கலாம்ப்பா, வால்வு எங்கயும் ஓடிப் போயிடாது" என்று சிரித்தீர்கள். அலுவலக மாடிக்கு ஏறும்போது ஏழாவது படியில் நின்று மூச்சு வாங்கியபடி, சுவரில் இருக்கும் பழைய சுவரொட்டியைப் படிப்பதுபோல நடித்தீர்கள். தினமும் படிக்க அதில் என்ன இருக்கிறது? எங்களுக்குக் கண் இல்லையா? உங்கள் கணவர் எங்களிடம் வந்து, "நான் சொன்னா கேக்க மாட்டேங்கிறா. நீங்களாவது சொல்லுங்கப்பா" என்றார். அவர் முகத்தைப் பார்க்கவே முடியவில்லை.

இன்று மாலை ஐந்து மணிக்கு உங்கள் பணி முடிகிறது. அதோடு உங்கள் காப்பீடும் முடிகிறது. ஓய்வுக்குப் பிறகும் காப்பீடு தொடர வேண்டும் என்ற நம் மசோதாவோ இன்னும் குழுவின் மேசையில் தூங்குகிறது. ஊருக்கெல்லாம் கேட்கத் தெரிந்தவருக்குத் தனக்கென்று ஒரு நாள் கேட்கத் தெரியவில்லையே, இதற்கு எந்தச் சுவரில் போய் முட்டிக்கொள்வது!

ஆகவே உங்கள் வழியிலேயே சட்டப் புத்தகத்தைப் புரட்டினோம். பணிக்காலத்துக்குள் மருத்துவமனையில் சேர்ந்தவருக்கு, இடையில் ஓய்வு பெற்றாலும், வீடு திரும்பும்வரை காப்பீடு செல்லும் என்று ஒரு விதி இருக்கிறது. ஒன்பது ஆண்டுகளுக்கு முன் ஒரு பேருந்து நடத்துநருக்காகச் சண்டை போட்டு அதைச் சேர்க்க வைத்தவர் நீங்கள். அவர் இதோ முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்.

படுக்கை பதிவாகிவிட்டது. மருத்துவர் காத்திருக்கிறார். உங்கள் கணவர் துணிப்பையோடு வாசலில் வண்டியில் இருக்கிறார். திங்கட்கிழமை சட்டமன்றக் குழுவின் முன் உங்களுக்குப் பதில் நம் தட்டச்சர் பேசுவார். அத்தனை முறை அடித்தவருக்கு மனு மனப்பாடம். "இந்த ஒரு வரிய மட்டும்" என்று தயவுசெய்து பேனாவை எடுக்காதீர்கள்.

நோயின்றி நூறாண்டு வாழ்க என்று இந்த இடத்தில் எழுதுவார்கள். எங்களுக்கு வெறும் வாழ்த்து போதாது. இதை வாசித்து முடிக்கும்போது மணி மூன்றரை ஆகியிருக்கும். பூமாலையை வண்டியில் போட்டுக்கொள்ளலாம். எழுந்திருங்கள் அக்கா.

இப்படிக்கு,
தூக்கிக்கொண்டாவது போகத் தயாராக நிற்கும்
உங்கள் அலுவலக ஊழியர்கள்