ஊசி தாவிய இடம்

இந்த நாற்காலிக்கு ஒரு கால் குட்டை, ஐயா. கீழே ஓர் அட்டையை மடித்து வைத்தால் ஆடாது. ரிப்பேர்க்காரன் புத்தி, எங்கே உட்கார்ந்தாலும் இதுதான் கண்ணில் படும்.

நீங்கள் கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். இசைத்தட்டு பிளேயர்களைப் பழுதுபார்ப்பது என் தொழில். பழைய சாமான் கடையில் ஒருநாள் ஒரு ஜாஸ் கிட்டார் ஆல்பம் கிடைத்தது. யாரோ கேட்டுத் தேய்த்த தட்டு. அட்டையில் கிட்டார்மேல் குனிந்தபடி ஒரு மனிதர், கழுகு மூக்கு. அவர் போட்ட ஒரே ஆல்பம் அதுதான். இரண்டாம் பக்கத்து முதல் பாட்டில் கிட்டார் மெல்ல ஏறிக்கொண்டே போகும். உச்சியைத் தொடப் போகிற நேரத்தில் சட்டென்று எங்கோ கீழே வந்து நிற்கும், பேசிக்கொண்டிருந்தவர் பாதிப் பேச்சில் எழுந்து வெளியே போனதுபோல. அந்தத் துணிச்சலுக்காகவே தினமும் கேட்டேன்.

"தட்டுல கீறல்டா. ஊசி தாவுது," என்றாள் அக்கா. அவளுக்கு ஜாஸைப் பற்றி என்ன தெரியும் என்று விட்டுவிட்டேன். ஊருக்கெல்லாம் ஊசி மாற்றிக் கொடுக்கிற எனக்குக் கீறல் தெரியாதா?

அந்த மனிதரே ஒருநாள் பழுதான பிளேயரைத் தூக்கிக்கொண்டு என் கடைக்கு வந்தார். மூக்கை வைத்தே அடையாளம் கண்டுவிட்டேன். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. உட்காரவைத்துத் தட்டைப் போட்டேன். அந்த இடம் வந்ததும் சிரித்துவிட்டார்.

"தம்பி, ஊசி தாவுதுப்பா. நல்ல இடமே அங்கதான் இருக்கு."

மறுநாள் கிட்டாரோடு வந்து, விட்டுப்போனதை வாசித்துக் காட்டினார். நன்றாக இருந்தது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அன்றிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை, ஐயா. உட்கார்ந்தால் எழுந்துகொள்வேன். திருப்புளியைக் கையில் வைத்துக்கொண்டு, எதற்கு எடுத்தேன் என்று தெரியாமல் தெருவில் நடப்பேன். தட்டைப் போட்டால், தாவுகிற இடத்தில் அவர் வாசித்ததுதான் காதில் விழுந்தது. என் பாட்டு என்னை விட்டுப் போய்விட்டது.

பக்குவமாகத்தான் கேட்டேன். "அண்ணே, தட்டுல கேக்கற மாதிரியே, அந்த இடத்த விட்டுட்டு வாசிங்களேன்."

"நான் வாசிச்சத நானே வெட்டணுமா? நல்லா இருக்குப்பா உன் நியாயம்," என்று தோளில் தட்டினார். அடுத்த வாரம் அந்தப் பாட்டைப் புதிதாகப் பதிவு செய்யப் போவதாகவும் சொன்னார். மகளின் ஏற்பாடாம். சின்னப் பிள்ளை மாதிரி சந்தோஷப்பட்டார். பார்க்கவே கஷ்டமாக இருந்தது.

கடை ஷட்டர் கைநழுவி அவர் கைமேல் விழுந்தது என்று முதலில் சொல்லியிருந்தேன். நழுவவில்லை. கடையை மூடும்போது, "அடியில என்னமோ சிக்கியிருக்கு, கொஞ்சம் பாருங்கண்ணே," என்றேன். நல்ல மனிதர், உடனே குனிந்தார். வலது கையைத்தான் நீட்டினார். "அங்க இல்லண்ணே, இந்தப் பக்கம்," என்று சொல்லி, இடது கை வரும்வரை ஷட்டரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தந்தியை அழுத்துகிற கை அதுதானே. வலது கை இல்லாவிட்டால் சாப்பிடச் சிரமப்படுவார். எதையும் யோசிக்காமல் செய்கிற ஆள் இல்லை நான்.

ஆஸ்பத்திரிக்கு நானே அவரைத் தாங்கிக்கொண்டு ஓடினேன். விரல்கள் இனி மடங்காது என்று டாக்டர் சொன்னபோது, அவர் மகளோடு சேர்ந்து நானும் அழுதேன். நிஜமான அழுகைதான். அன்றைக்கு நன்றாகத் தூக்கமும் வந்தது.

பிறகு அடிக்கடி தட்டை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போவேன். போட்டதும் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வார். ஒருநாள் திரும்பாமலே கேட்டார். "நான் வலது கையத்தானே நீட்டினேன், தம்பி. ஏன் இந்தப் பக்கம்னு சொன்ன?"

பக்கத்தில் மகள் நின்றிருந்தாள். மறுநாள் அவள்தான் ஸ்டேஷனுக்கு வந்து உங்களிடம் புகார் கொடுத்திருக்கிறாள்.

என்னைப் பார்க்க அவருக்கு விருப்பமில்லை என்கிறீர்கள். கூச்சமாக இருக்கும், ஐயா. அவ்வளவு அழகான பாட்டைக் கெடுக்கப் பார்த்தோமே என்று மனசு உறுத்தாதா? எனக்கு அவர்மேல் கோபம் எதுவும் இல்லை என்று சொல்லிவிடுங்கள். அவரை நான் எப்போதோ மன்னித்துவிட்டேன்.