கைப்பிடி இல்லாத ஜன்னல்

பழைய பெயிண்டைச் சுரண்டாமல் அதன் மேலேயே புதுப் பெயிண்ட் அடிக்கிறவனைக் கண்டால் எனக்கு ஆகாது, சார். மேலே பளபளவென்று இருக்கும். உள்ளே துரு தன் வேலையைப் பார்த்துக்கொண்டே இருக்கும். அண்ணனும் நானும் ஒரு நாளும் அப்படி ஏமாற்று வேலை செய்ததில்லை. இரும்பு ஜன்னல் என்றால் எங்கள் இரண்டு பேரையும்தான் கூப்பிடுவார்கள்.

நீங்கள் அண்ணனைப் பற்றித்தான் கேட்கிறீர்கள். சொல்கிறேன்.

சாரத்திலிருந்து விழுந்த பிறகு அவருக்கு இடுப்புக்குக் கீழே உணர்வு இல்லை. கல்யாணம் ஆகாதவர், என்னை விட்டால் யார் இருக்கிறார்கள். என் வீட்டு உள்ளறையில் கட்டில் போட்டேன். குளிப்பாட்டுவது, துணி மாற்றுவது, முதுகுப் புண்ணுக்கு மருந்து வைப்பது எல்லாம் நானும் என் மனைவியும்தான். அவர் வாய் மட்டும் சும்மா இருக்காது. "டேய், ஜன்னலுக்குப் பண்ற வைத்தியத்துல பாதி எனக்குப் பண்ணியிருந்தா எந்திரிச்சு ஓடியிருப்பேன்டா" என்பார். என் மகள் விழுந்து விழுந்து சிரிப்பாள்.

போகப் போக வீட்டில் யாரும் சிரிக்கவில்லை. அவரைத் தூக்கித் தூக்கி மனைவிக்கு இடுப்பு போனது. எனக்கு ஒழுங்கான தூக்கம் இல்லை. கடைசியில் அவள் மகளைக் கூட்டிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் புறப்பட்டாள். சண்டை போடவில்லை. "உங்க அண்ணனைக் குறை சொல்லலைங்க. அந்த ரூம் வாடை என் தலைமுடியிலகூட அடிக்குது. என்னால முடியல. ஒரு ஆள் போட்டுட்டுக் கூப்பிடுங்க, வர்றேன்" என்றாள். ஆள் போட்டேன். வந்தவர்கள் மறுநாள் வரவில்லை. மகள் போனில், "நாங்க எப்பப்பா வர்றது?" என்று கேட்டாள். குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் அழுதேன். எனக்கு வேறு வழி தெரியவில்லை, சார். அதைக் கொஞ்சம் எழுதிக்கொள்ளுங்கள்.

அறையைச் சுத்தமாக்கினால் அவள் வந்துவிடுவாள் என்று அண்ணனிடம் சொன்னேன். அவருக்குச் சந்தோஷம். "முதல்ல ஜன்னலைப் பாருடா" என்றார்.

கட்டிலை ஒட்டிய ஜன்னல் மூடவே மூடாது. சட்டத்துக்கும் ஜன்னல் கதவுக்கும் நடுவே துரு உப்பிப்போய், விரல் நுழையும் அளவு சந்து. மழை வந்தால் துணி திணிப்போம். ஊர் ஜன்னலையெல்லாம் சரிசெய்கிறவன் வீடு அப்படித்தான் இருக்கும்.

கைப்பிடியைக் கழற்றினேன். அதைக் கழற்றாமல் அடியில் இருக்கும் துருவை எடுக்க முடியாது, யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். கம்பி பிரஷ் போட்டேன், சுரண்டினேன், உப்புத்தாள் தேய்த்தேன். "மூலையில விட்டுட்ட பாரு" என்று படுத்தபடியே அதட்டினார். மூலையையும் எடுத்தேன். சுத்தமான இரும்பு தெரிந்ததும், துரு பிடிக்காமலிருக்க முதல் பூச்சாக அடிக்கிற சிவப்பு பிரைமரை அடித்து, ஜன்னலைத் தள்ளினேன். சத்தமில்லாமல் போய் உட்கார்ந்தது. உள்பக்கம் திறக்கிற ஜன்னல் அது. கைப்பிடி இல்லையென்றால் பிடித்து இழுக்க ஒன்றும் கிடையாது. கைப்பிடி என் சட்டைப் பையில் இருந்தது.

அப்போதுதான் அந்த எண்ணம் வந்தது என்று சொல்ல ஆசைதான். அதற்கு முன்பே வந்திருக்கும்.

எதிர்ச் சுவரில் இருந்த இன்னொரு ஜன்னலில் பெயிண்ட் கரைக்கிற மருந்தைத் தடவினேன். அந்த வேலைக்குக் கதவு, ஜன்னல் எல்லாம் திறந்திருக்க வேண்டும். அடைத்த அறையில் அந்த நெடி ஆளைக் கொன்றுவிடும். எங்கள் தொழிலில் முதல் நாளே சொல்லிக்கொடுப்பது இது. நான் அந்த ஜன்னலையும் மூடினேன். மிச்ச மருந்தை வாளியில் ஊற்றிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன்.

"ஒண்ணையாவது தெறந்து வைடா" என்றார்.

"தூசி வந்து ஈர பிரைமர்ல ஒட்டிக்கும்ண்ணே."

கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தார். "சரி, சீக்கிரம் வா" என்றார்.

சரி என்றாரே, சார். தொழில் தெரிந்த மனுஷர் தெரியாமலா சொல்வார். எனக்காக ஒத்துக்கொண்டார். கதவைச் சாத்திவிட்டுத் தெருமுனைக்குப் போய் டீ குடித்தேன். இரண்டாவது டீயும் குடித்தேன்.

திரும்பி வந்து, வாளியை வெளியே எடுத்து, கட்டில் பக்கத்து ஜன்னலை வெளியிலிருந்து தள்ளி, நெடி போக எல்லாவற்றையும் திறந்துபோட்டேன். பிறகு தூசி ஒட்டாமலிருக்க அந்த ஜன்னலை மட்டும் மூடிவிட்டு ஆட்களைக் கூப்பிட்டேன். தூக்கத்திலேயே போய்விட்டார் என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் அதையே சொன்னேன்.

என் மனைவி வந்து எல்லோரையும்விட அதிகமாக அழுதாள். அழுகைக்கு நடுவே தலையைத் தூக்கி, "இந்த ஜன்னல் எப்ப மூடுச்சு?" என்று கேட்டாள். பிறகு, கைப்பிடியின் கனம் தாங்காமல் தொங்கிக்கொண்டிருந்த என் சட்டைப் பையைப் பார்த்தாள். அதற்கப்புறம் அவள் அழவில்லை. உங்களிடம் சொன்னது அவள்தான் என்று தெரியும். இனி என் வீட்டுக்கு வர மாட்டாள். மகளையும் அனுப்ப மாட்டாள்.

அண்ணன் நகத்தில் எப்படிச் சிவப்பு வந்தது என்று கேட்டீர்கள். பெயிண்ட்காரன் நகத்தில் பெயிண்ட் இல்லாமல் இருக்குமா என்று முதலில் சொன்னேன். அது பொய். அவர் பிரஷைத் தொட்டு எத்தனையோ காலமாயிற்று. கைப்பிடி இருந்த இடத்தைச் சுற்றி, ஈர பிரைமர் முழுக்க நகக் கீறல். அடியில் இரும்பு தெரிந்தது. அவர் ஒத்துக்கொண்டார் என்பதில் எனக்கு இப்போதும் சந்தேகம் இல்லை. கீறல்களைத் தேய்த்து, மறுபடி பிரைமர் அடித்து, அதன் பிறகுதான் ஆட்களைக் கூப்பிட்டேன். அப்படியே விட்டிருந்தால் அந்த இடத்தில் துரு பிடித்திருக்கும், சார்.