கிடுகு வேலியும் ஒரு பிடிலும்

ஜவுபர்: ...அந்த வரிய வெட்டாதீங்க றம்லா. கலைக்களஞ்சியமெண்டா எல்லாம் வரணும்.

றம்லா: எல்லாம் வரணும் மச்சான், பொய் வரப்படா. கவி நாலடிப் பாட்டு. வெறுங்குரல்ல படிக்கிறது. அதுக்குப் பிடில் வாசிக்கிற வழக்கம் எந்த ஊருல இரிக்கி?

ஜவுபர்: இஞ்ச, கல்முனையில.

றம்லா: ஆர் வாசிக்கிற?

ஜவுபர்: பேர் தெரியா...

ஸுலைஹா: இந்தத் தெருவுல பிடில் வெச்சிரிக்கிறது நீ ஒராள்தான் ஜவுபர்.

ஜவுபர்: மச்சி, நீங்க றால உரிங்க.

ஸுலைஹா: கைதான் உரிக்கிது. காது சும்மாதானே கிடக்கு.

றம்லா: ராத்தா, குழப்பாதீங்க. கலைக்களஞ்சியம் தொகுக்கிற காலிதீன் சேர் நாலு மணி பஸ்ஸுல இத மட்டக்களப்புக்குக் கொண்டு போறார். பிந்தினா செக்பொயின்ற்ல மாட்டுவார். எழுதினத வாசிக்கன். "பிடில், போர்த்துக்கேயரோடு வந்த நரம்புக் கருவி. மட்டக்களப்புப் பறங்கியர் தம் கலியாண ஆட்டங்களுக்கு இதனை வாசிப்பர். முஸ்லிம் ஊர்களின் கவிக்குப் பக்கவாத்தியம் இல்லை." முடிஞ்சிது.

ஜவுபர்: முடியல்ல. "ஆயினும்" எண்டு போடுங்க.

றம்லா: ஆயினும்...?

ஜவுபர்: "ஆயினும் கல்முனையில், மஃரிப் தொழுகைக்குப் பின், வேலிக்கு ஒரு பக்கம் ஒருவர் பிடில் வாசிக்க, மறுபக்கம் ஒரு பெண் கவி படிக்கும் வழக்கமுண்டு."

றம்லா: அல்லாவே... மச்சான்!

ஸுலைஹா: எந்த வேலி?

ஜவுபர்: பொதுவா... ஒரு வேலி.

ஸுலைஹா: தகரமா, ஓலைக் கிடுகா? வாசிக்கிற ஆக்கள் கேப்பாங்க.

ஜவுபர்: கிடுகு...

ஸுலைஹா: எங்கட வளவுக்கும் உங்கட வளவுக்கும் நடுவுல நிக்கிறதும் கிடுகுதான்.

றம்லா: ராத்தா, பூன றாலத் தூக்கிது!

ஸுலைஹா: எங்க...? ஒரு பூனையும் இல்ல. உதாரணத்துக்கு ஒரு கவி வேணாமா ஜவுபர்?

ஜவுபர்: இரிக்கி மச்சி. நேத்துத்தான் சேகரிச்ச.

றம்லா: அது வேணாம். அது நல்லமில்ல.

ஜவுபர்: நல்ல கவி. கேளுங்க.

"வேலிக்கு அங்காலிருந்து
வில்லிழுக்கும் என்ட மச்சான்
நாளை பொண்பார்க்க வாறாங்க
நாக்கில்லயோ பிடிலுக்கு?"

ஸுலைஹா: பழைய கவி போல... ஆர் படிச்ச?

றம்லா: சம்மாந்துறையில ஒரு... வயசாளி.

ஸுலைஹா: சம்மாந்துறையில இரிந்து நாளைக்கு வாறது உன்னப் பார்க்கிற ஆக்கள். இந்த வயசாளி எப்ப வந்த?

றம்லா: சரி, நான்தான்! இப்ப நீங்க சொல்லுங்க மச்சான். ஏன் பிடிலுக்கு நாக்கில்ல?

ஜவுபர்: நாக்கிரிந்து என்ன செய்ய? எங்கட ஊருல மாப்பிள்ள கேட்டு வாறது பொண் பக்கம். நான் போய் உங்கட வாப்பாக்கு முன்னால "என்னக் கேளுங்க மாமா" எண்டு நிக்கேலுமா? ஒரு வருசமா வேலிக்கு அங்கால இருந்து பிடில் இழுக்கன். ஒருத்தரும் வரல்ல.

றம்லா: நான் எப்படி வாப்பாட்டச் சொல்ற? வெக்கமில்லயா? அதத்தான் கவியில சொன்னன். நீங்க அடுத்த பாட்ட வாசிக்கத் தொடங்கிட்டீங்க.

ஜவுபர்: பயத்துல கை தன்பாட்டுக்கு இழுத்திட்டு...

ஸுலைஹா: நல்ல சோடி. ஒண்டுக்கு வெக்கம், மற்றதுக்குப் பயம்.

றம்லா: ராத்தா, உங்களக் கெஞ்சிக் கேக்கன். வாப்பாக்கு மட்டும் தெரியப்படா.

ஸுலைஹா: நேத்து ராவு உன்ட கவி எனக்கும் கேட்டிச்சி. விடியவே வாப்பாட்டச் சொல்லிட்டன்.

ஜவுபர்: மச்சி...!

ஸுலைஹா: வாப்பா சம்மாந்துறைக்கு ஆள் அனுப்பி, வரவேணாமெண்டிட்டார். உம்மாவும் நானும் உன்ட வீட்ட போய் மாமிட்ட மாப்பிள்ள கேட்டாச்சி. நீ பாண்டிருப்புல ராவுப் பாட்டுக்கச்சேரி முடிச்சி நேரா இஞ்ச வந்தா உனக்கெங்க தெரியும்? இவ்வளவு றால் ஆருக்கெண்டு நினைச்ச? மாமிர வீட்டாக்கள் ராச்சோத்துக்கு வாறாங்க.

றம்லா: ராத்தா... எனக்கு இதுக்கு மேல எழுத ஏலா.

ஸுலைஹா: ஏலாட்டியும் அந்த "ஆயினும்" வரிய வெட்டிட்டு அனுப்புகா.

ஜவுபர்: ஏன் மச்சி வெட்ட? இப்ப சாட்சியும் இரிக்கே.

ஸுலைஹா: புத்தகம் அச்சாகி வாறதுக்குள்ள அந்த வழக்கம் இரிக்காது. கலியாணப் பந்தலுக்கு இடம் காணாதெண்டு வாப்பா வேலியப் புடுங்கச் சொல்லிட்டார்.