ஒரு கட்டடத்துக்கு எத்தனை மேஸ்திரி?

— அதுக்குன்னு அத்தனை பேர் முன்னாலயும் எம் பொண்டாட்டிய மேஸ்திரின்னு கூப்பிடுவியா ஆசாரி? கம்பி கட்டுறவன்லாம் சிரிக்கிறான்.

— கொத்தனாரண்ணே, கோவிச்சுக்காதீங்க. நேத்து மாடிப்படியில அக்கா கரணையோட உட்காந்து பூசிட்டிருந்தாங்க. நான் கதவு நிலை தூக்கிட்டு வந்தேன். 'மிஸ்திரி, கொஞ்சம் நகருங்க'ன்னேன். அதுவே வாயில ஒட்டிக்கிச்சு. எங்க இந்தியில கைவேலை தெரிஞ்ச யாரும் மிஸ்திரிதான். கதவு மாட்டுற நானும் மிஸ்திரி, குழாய் மாட்டுறவரும் மிஸ்திரி, வண்டி ரிப்பேர் பாக்குறவரும் மிஸ்திரி.

— உங்க பக்கம் தடுக்கி விழுந்தா மேஸ்திரி மேலதான் விழணும் போல. இங்க அப்படியில்ல. எம் பொண்டாட்டி மாதிரி சித்தாள் கலவை சுமக்கணும், கொத்தனார் கட்டணும், மேஸ்திரி இடுப்புல கைய வச்சுக்கிட்டு அத்தனை பேரையும் வேலை வாங்கணும்.

— அதுக்குத்தான் ஆசாரி, இவரு காலையிலேர்ந்து இடுப்புல கைய வச்சுப் பழகிட்டிருக்காரு. பழைய மேஸ்திரி வேற சைட்டுக்குப் போயிட்டாருல்ல. இன்னிக்குக் கான்ட்ராக்டர் வந்து புது ஆள் யாருன்னு சொல்லப் போறாரு.

— இவளே, நீ டீய ஊத்து.

— ஊத்துறேங்க. வீட்டுக்காரம்மா சொன்னதையும் சேத்து ஊத்தவா? அவங்க காலேஜ்ல பாஷை சொல்லிக் குடுக்குறவங்க. நேத்து ஆசாரி கூப்பிட்டதக் கேட்டுட்டு அவங்களுக்கு ஒரே குஷி. இது கப்பல்ல வந்த பேராம். 'மெஸ்த்ரே'ன்னு போர்ச்சுகீசுக்காரங்க கொண்டாந்தது. அவங்க பாஷையில தொழில் தெரிஞ்சவரும் அதுதான், சொல்லிக் குடுக்குறவரும் அதுதான். பக்கத்து நாட்டு ஸ்பானிஷ்ல பள்ளிக்கூட வாத்தியாரே மாயெஸ்த்ரோவாம்.

— வாத்தியாரா! அண்ணே, பிரம்பு எடுத்துட்டு வரவா?

— சும்மா இருய்யா. அதுக்கும் முன்னால எங்கேர்ந்து வந்துச்சாம்?

— லத்தீன்லேர்ந்து. அதுல 'கூட'ங்கிற அர்த்தத்துல ஒரு சொல்லாம். எல்லாரையும் விட ஒரு படி கூட இருக்குறவரு. அதே லத்தீன்ல 'கம்மி'ங்கிற சொல்லுலேர்ந்து வந்ததுதான் மினிஸ்டராம்.

— அப்ப மினிஸ்டர விட நம்ம கொத்தனாரண்ணன் மேல!

— பாத்தியா. இத நேத்தே சொல்லியிருந்தா இன்னும் ரெண்டு பேர அதட்டியிருப்பேன். சரி, இவளே, நீ எதுக்குப் படியப் பூசுன? அது நான் கட்டி முடிச்சுட்டு வெளிச்சுவருக்குப் போன படியாச்சே.

— திட்ட மாட்டீங்களே?

— திட்டுற மாதிரி இருந்தா திட்டுவேன்.

— அஞ்சாவது படி ஒசரமா நின்னுச்சுங்க. கலவைச் சட்டியோட ஏறுறப்பல்லாம் கால் இடறும். மேல ஏறுறவளுக்குத்தான தெரியும், கீழேர்ந்து கட்டுறவருக்கு எப்படித் தெரியும்? நீங்க சாப்பிட்டுட்டுக் கண்ண மூடுன நேரத்துல இடிச்சுட்டுக் கட்டினேன்.

— நான் கட்டினத இடிச்சியா?

— கான்ட்ராக்டர் பாத்து உங்களச் சொன்னா எனக்குத் தாங்காது. அது ஒண்ணு. இன்னொண்ணும் இருக்குங்க. நான் கரணை பிடிக்கிறதெல்லாம் நீங்க தூங்குற நேரத்துலதான். ஒருநாளாவது எல்லாரும் பாக்கப் பிடிக்கணும்னு ஆசை.

— ஆசாரி, உன் டேப்ப எடு. படிய அள.

— அளந்துட்டேன்ணே. கீழ் படி, இந்தப் படி, மேல் படி, மூணும் ஒண்ணு. ரசமட்டமும் வச்சேன். குமிழி நடுவுல தூங்குது.

— இவளே, பூச்சும் நல்லாத்தான் இருக்கு.

— என்னங்க, கரணையக் கையில எடுத்துக்கிட்டீங்க?

— ஒண்ணுமில்ல. எனக்குக் கட்டத்தான் வரும். காலையிலேர்ந்து இடுப்புல கைய வச்சு நிக்கிறேன், ஒரு பய வேலைய வேகமாப் பாக்கல. மேஸ்திரின்னா சத்தம் போடணும். எனக்கு அது வரமாட்டேங்குது.

— எனக்கு வருங்க.

— அது எனக்குத் தெரியாதா? கல்யாணமான நாள்லேர்ந்து கேக்குறேன்.

— அண்ணே, கீழ கான்ட்ராக்டர் வண்டி வந்துருச்சு.

— ஏங்க, எங்க எந்திரிக்கிறீங்க? கரணைய ஏன் எங்கிட்ட நீட்டுறீங்க? சிரிப்பாங்கங்க.

— மொதல்ல நான் சிரிச்சுட்டா அவனுங்க என்ன சிரிக்கிறது? பிடி.

— கொத்தனாரண்ணே, அவரு உங்களத்தான் கூப்பிடுறாரு. 'புது மேஸ்திரி எங்க'ன்னு உங்களத்தான் தேடுறாரு.

— ஐயா, மேல வாங்க! அவங்க இங்க படியில நிக்கிறாங்க. பாத்து ஏறுங்க, பூச்சு இன்னும் ஈரம், மேஸ்திரி திட்டுவாங்க!