கோட்டுகள் எல்லாம் கொக்கியில் இருந்தன

மேடையில் வீற்றிருக்கும் பங்குத்தந்தை அவர்களே! எங்கள் கிடங்கின் மேலாளர் அவர்களே! முன்வரிசையில் தலைகுனிந்து அமர்ந்திருக்கும் அண்ணி அவர்களே! வேலை முடிந்த கையோடு, உடையில் மீன் வாடை போகாமலே ஓடி வந்திருக்கும் என் தோழர்களே, தோழியரே! துக்கம் நிறைந்த நெஞ்சோடு உங்கள் அனைவரையும் வணங்குகிறேன்.

நான் பேச்சாளர் அல்ல. பெட்டிகளுக்கு டேப் ஒட்டுகிறவள். மேடையைக் கண்டு பயப்படுகிறேன் என்று நினைக்காதீர்கள். எனக்கு இருப்பது வேறு பயம். எதைப் பற்றி என்பதை இறங்குவதற்குள் சொல்லிவிடுவேன். சொல்லாமல் இறங்கிவிடுவேனோ என்பதும் ஒரு பயம்தான்.

யாருக்காகக் கூடியிருக்கிறோம்? உறைகுளிர் அறையின் பொறுப்பாளருக்காக. ஞாயிறு மாலைகளில் பெரியவர்களுக்கு மறைக்கல்வி நடத்திய ஆசிரியருக்காக. பெற்றவர்கள் வைத்த பெயரை நாம் எல்லோரும் மறந்துபோய்க் கதவண்ணன், கதவண்ணன் என்றே கூப்பிட்டோமே, அந்த மனிதருக்காக!

பங்கு மக்களில் பலர் அந்த அறையைப் பார்த்திருக்க மாட்டீர்கள். கூரை வரை மீன் பெட்டிகள். உள்ளே போய் நாலு மூச்சு விட்டால் புருவத்தில் பனி ஒட்டும். கதவு ஒரு சாண் தடிமன். உள்பக்கக் கைப்பிடி அடிக்கடி பனியில் இறுகிக்கொள்ளும். அதனால் சுவரில் ஒரு பொத்தான் உண்டு. அழுத்தினால் வெளியே மணி அடிக்கும். கதவுக்கு வெளியே வரிசையாகக் கொக்கிகள். உள்ளே போகிறவர் கோட்டை மாட்டிக்கொண்டு போவார், வந்ததும் திரும்பக் கொக்கியில் தொங்கவிடுவார். கோட்டுகள் எல்லாம் கொக்கியில் இருந்தால் ஆட்கள் எல்லோரும் வெளியே இருக்கிறார்கள் என்று அர்த்தம். கதவை மூடிவிடலாம். இதுதான் கிடங்கின் வழக்கம்.

கதவண்ணன் மட்டும் கோட்டுகளைப் பார்த்துக் கதவை மூடியதே இல்லை. தானே உள்ளே போவார். கடைசி அடுக்கு வரை நடந்து, ஒவ்வொருவர் பெயராகக் கூப்பிடுவார். பிறகு வெளியே வந்து, எங்கள் முகங்களைப் பார்ப்பார். அதற்கப்புறம்தான் மூடுவார். லாரிக்காரர்கள் ஹாரனை அழுத்திக்கொண்டே இருப்பார்கள். ஒருநாள் ஒரு ஓட்டுநர் இறங்கி வந்தே கத்தினார்.

"யோவ், மீனு கெட்டுச்சுன்னா யாருய்யா பதில் சொல்றது?"

"மீனு ஏற்கெனவே செத்துப்போச்சு தம்பி. கொஞ்சம் பொறுத்துக்கும்" என்றார் அண்ணன்.

அண்ணி சிரிக்கிறார்கள். சிரியுங்கள் அண்ணி! வீட்டு ஃப்ரிட்ஜை மூடும்போதுகூட உள்ளே யாராவது இருக்கிறார்களா என்று எட்டிப் பார்ப்பார் என்று எங்களிடம் சொன்னவர் நீங்கள்தானே!

மறைக்கல்வி வகுப்பில் நான் ஒருமுறை வாய்க்கொழுப்பாகவே கேட்டேன். "அதச் செய்யாதே, இதச் செய்யாதேன்னு இவ்வளவு கட்டளைய வெச்சுக்கிட்டு, கடவுள் நமக்குச் சுதந்திரம் கொடுத்தாருன்னா எப்படிண்ணே?" அவர் கோபப்படவில்லை. "கதவுக்கு வெளிய நிக்கிறவன் மூடவும் செய்யலாம், மூடாமலும் இருக்கலாம். அது அவன் சுதந்திரம். உள்ள ஆள் இருந்தா மூடக் கூடாது. அத யாராவது போர்டு எழுதி மாட்டணுமா? மனசுல ஏற்கெனவே இருக்குதே. அந்தச் சட்டம் இருக்கிறதாலதான்மா நீ தைரியமா உள்ள போயிட்டு வர்ற" என்றார். திருச்சபை சுதந்திரத்தைப் பற்றி என்ன சொல்கிறது என்று எனக்கு உறைத்தது அன்றைக்குத்தான்.

தோழர்களே, அவர் நெஞ்சுவலியோடு மருத்துவமனைக்குப் போனார். அவர் போன அதே வாரம் மணியின் ஒயர் கழற்றப்பட்டது. பெட்டிகள் பொத்தானில் இடித்து மணி ஓயாமல் அடிக்கிறது, வேலை நின்றுபோகிறது என்றார்கள். இடித்தது உண்மைதான். அடித்ததும் உண்மைதான். அதற்காகக் கழற்றலாமா? யார் கேட்டோம்? நானும் கேட்கவில்லை, நீங்களும் கேட்கவில்லை.

அடுத்த நாள் டேப் தீர்ந்துபோனது. உள்ளே ஒரு சுருள் கிடந்தது நினைவுக்கு வர, எட்டி எடுத்துவந்துவிடலாம் என்று கோட்டு போடாமல் போனேன். பின்னால் கதவு மூடும் சத்தம் கேட்டது.

மூடியவர் எங்கள் லோடுமேன்களில் மூத்தவர், நாம் எல்லோரும் பெரியப்பா என்று அழைப்பவர். அவர் மேல் எனக்கு வருத்தமில்லை. அவர் கொக்கிகளைப் பார்த்தார். கோட்டுகள் எல்லாம் கொக்கியில் இருந்தன.

ஒயரைக் கழற்றியது மறந்துபோய் நான் பொத்தானை அழுத்தினேன். வெளியே எந்தச் சத்தமும் இல்லை. மறுபடி அழுத்தினேன். கைப்பிடியைப் பிடித்துத் தொங்கினேன், உள்ளங்கைத் தோல் அதோடு ஒட்டிக்கொண்டது. கத்தினேன். என் கத்தல் பெட்டிகளுக்கு நடுவே எங்கே போனது என்றே தெரியவில்லை. செபம் சொல்ல வாய் வரவில்லை ஐயா! என் மகள் மாலையில் வீட்டுக்கு வந்தால் கதவை யார் திறப்பார்கள் என்று மட்டுமே மண்டைக்குள் ஓடியது. ஒரு பெட்டி குறைகிறது என்று லாரிக்காரர் திரும்பி வந்திருக்காவிட்டால், இன்றைக்கு இந்த மேடையில் இரண்டு படங்களுக்கு மாலை போட்டிருப்பீர்கள்.

கையில் கட்டோடு அண்ணனைப் பார்க்கப் போனேன். பெரியப்பாவும் கூட வந்தார். கட்டில் அருகே நின்று குழந்தை போல அழுதார். "எனக்குத் தெரியாதுப்பா. நான் பாவியா?"

அண்ணன் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "தெரியாம செஞ்சது பாவம் இல்ல பெரியப்பா. ஆனா தெரிஞ்சிக்க வழி இருந்தும் எட்டிப் பாக்காம விட்டோம்னா, தெரியாதுன்னு சொல்றதுல பாதிதான் உண்மை. நாளையிலிருந்து எட்டிப் பாருங்க."

பெரியப்பா வெளியே போனதும் நான் கேட்டேன். "நம்ம பயத்துல ஒண்ணச் செஞ்சா, இல்ல செய்யாம விட்டா, பொறுப்புக் குறையும்னு வகுப்புல சொன்னீங்களேண்ணே. குறையுமா, குறையாதா?"

"குறையும். சில நேரம் இல்லாமலேகூடப் போகும். ஆனா எவ்வளவு குறையுதுன்னு பாக்கிறது கடவுள். நாமளே கழிச்சுக்கக் கூடாது" என்றார். கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். பிறகு சொன்னார்: "எனக்கும் ஒவ்வொரு தடவையும் கதவ மூடறப்போ பயமாத்தான் இருக்கும்மா. நீங்கள்லாம் நான் தைரியசாலின்னு நெனச்சீங்க."

பயந்தாரா? கதவண்ணன் பயந்தாரா? ஆம், பயந்தார்! பயத்தோடுதான் உள்ளே போனார், பயத்தோடுதான் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். அதை நான் தெரிந்துகொண்ட இரண்டாம் நாள் அவர் போய்விட்டார். இனி யார் நம்மைக் கூப்பிடுவார்கள்?

இப்போது என் பயத்தைச் சொல்கிறேன். இன்று காலை மேலாளர் என்னை அழைத்து அந்த அறையின் சாவியைக் கொடுத்தார். நாளை முதல் நான்தான் பொறுப்பாளர். மணியைப் பற்றிக் கேட்டேன். "பாத்துக்கலாம்மா, மொதல்ல லோடு போகட்டும்" என்றார். அவர் கெட்டவர் அல்ல. அவருக்கும் மேலே ஆட்கள் இருக்கிறார்கள், அவருக்கும் பயம் இருக்கும். எங்கள் வீட்டில் அடுப்பு எரிவது என் சம்பளத்தில். "சரிங்க சார்" என்று தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன்.

இரங்கல் கூட்டத்தின் முடிவில், மறைந்தவரின் பணியைத் தொடர்வோம் என்று எல்லோரும் எழுந்து நின்று சொல்வோம். சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவோம். அதனால் நான் ஒரே ஒரு வாக்குதான் கொடுக்கிறேன். நாளை முதல், மணி மறுபடி அடிக்கும் வரை, அந்தக் கதவை நான் மூட மாட்டேன். லாரி நிற்கட்டும். மீன் கெட்டால் கெட்டதற்கு நான்தான் பொறுப்பு. அண்ணன் சொன்னார் என்று செய்யவில்லை, யாரும் தூண்டிவிட்டும் செய்யவில்லை. நானே யோசித்து, நானே முடிவெடுத்தேன்.

மேலாளர் அவர்களே, வேலையைவிட்டு என்னை நீக்க உங்களுக்கு அதிகாரம் உண்டு. அப்போது சாவியை வேறொருவரிடம் கொடுப்பீர்கள். யாரிடம் கொடுத்தாலும், அவரும் இப்போது இந்த மண்டபத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார். உள்ளே இருந்து அழுத்தினால் மணி அடிக்காது என்பதை அவரும் கேட்டுவிட்டார். நீங்களும் கேட்டுவிட்டீர்கள். பங்குத்தந்தையும் கேட்டுவிட்டார்.

நாளை ஏதாவது நடந்தால், தெரியாது என்று சொல்ல நம்மில் ஒருவருக்கும் இனி வழியில்லை.