வெயிலுக்கு வழிவிட்டவருக்கு

ஆமாம் மேடம், அந்தப் பச்சை வலை விஷயத்தைத்தான் முதலில் சொல்லப் போகிறோம். விடைபெறும் நாளில் அதை விட்டுவிட்டு வேறென்ன பேசுவது! வத்தேகம ஊருக்கு மேலே மலைச்சரிவில், எங்கள் கையுறைத் தொழிற்சாலையின் கழிவுநீரைக் கண்போலக் காத்த இரசாயனவியலாளரே, கண்ணுக்குத் தெரியாத நஞ்சைக் கதிரவனிடம் கையளித்தவரே, மஸாஹிரா மேடம் அவர்களே, வணக்கம், அஸ்ஸலாமு அலைக்கும்!

இறப்பரைப் பதப்படுத்தும்போது நைட்ரோசமைன் நீரில் சேர்கிறது. நிறமில்லை, மணமில்லை, புற்றுநோய் தரக்கூடும் என்ற அச்சம் மட்டும் உண்டு. கரிவடிகட்டியில் அது சரியாகச் சிக்காது. ஆனால் வெயிலின் கழியூதா என்னும் புறஊதாக் கதிர் பட்டால் அதன் நைதரசன் பிணைப்பு அறுந்துபோகும். அதற்காகவே முழங்கால் ஆழத்தில் இரண்டு குளங்களை வெட்டுவித்து, கழிவுநீரை வெயிலில் விரித்து வைத்தீர்கள்.

குளங்களைப் பார்த்துக்கொள்ளும் சுதேஷுக்கோ வேறு கவலை. குரங்குகள் இறங்கிக் குளித்தன, இலைகள் குவிந்தன. அள்ளி அள்ளிக் கை ஓய்ந்தவன், ஒரு குளத்தின் மேல் பச்சை நிழல்வலையை இழுத்துக் கட்டிவிட்டான்.

“கழட்டுங்க தம்பி, தண்ணிக்கு வெயில் வேணும்,” என்றீர்கள்.

“கொரங்குக்கு சவுக்காரமும் துவாயும் நாந்தான் குடுக்கணுமா மேடம்? ரெண்டு கொளத்துத் தண்ணியையும் சோதிச்சுப் பாப்போம். வித்தியாசம் இருந்தா நானே கழட்டுறேன்.”

மறுநாள் இரண்டு கண்ணாடிப் போத்தல்களில் நீரை நிரப்பி, மோட்டார் சைக்கிளின் முன்கூடையில் வைத்துக் கண்டி ஆய்வுகூடத்துக்குப் புறப்பட்டான். கட்டுகஸ்தோட்டையில் இறங்கி ஆற அமர ரொட்டி தின்றான். போத்தல்கள் வெயிலில் நின்றன. முடிவு வந்தது: இரண்டிலும் நைட்ரோசமைன் இல்லை! வலை நிரந்தரமாக இருக்கட்டும் என்று முகாமையாளர் தலையாட்ட, சுதேஷ் எல்லோருக்கும் வடை வாங்கிக் கொடுத்தான்.

நீங்கள் மட்டும் வடையைக் கையில் வைத்தபடி கேட்டீர்கள்: “போத்தல துணியில சுத்தினீங்களா தம்பி?”

“இல்ல மேடம், சும்மாதான் வச்சேன். வழியெல்லாம் வெயில்ல பளபளன்னு இருந்துச்சு.”

“அப்ப வழியிலேயே வெயில் வேலைய முடிச்சி ஈக்கி! உங்கட வீட்டுக் கிணறு எங்க ஈக்குது?”

சுதேஷ் கடித்த வடை வாயிலேயே நின்றது. அவன் வீட்டுக் கிணறு வலை கட்டிய குளத்துக்கு நேர் கீழே. குழந்தைக்குப் பால்மா கரைப்பது அந்தத் தண்ணீரில்தான்.

மறுபடி எடுத்த நீரைக் கறுப்புப் போத்தல்களில், வெள்ளித்தாள் சுற்றி, நீங்களே கொண்டுபோனீர்கள். திறந்த குளத்து நீரில் நஞ்சு சிதைந்து போயிருந்தது. வலைக்குளத்து நீரில் அப்படியே இருந்தது. கிணற்றையும் சோதித்தீர்கள். நல்ல காலம், அங்கே இன்னும் எட்டவில்லை. நீங்கள் சொல்லி முடிக்குமுன் சுதேஷ் ஓடினான். குளத்து நீர் வெளியேறும் மதகை மூடினான், வலையின் கயிறுகளை அறுத்தான். வெயிலில்லாத மப்பு நாளில் மதகு திறப்பதில்லை என்ற உங்கள் விதியை இப்போது எங்களுக்கெல்லாம் ஓதுபவன் அவன்தான். குரங்குகள் இன்னமும் குளிக்கின்றன.

அண்ணாந்து பாருங்கள் மேடம்! இந்த மேடைக்கு நிழல் தருவது அதே வலைதான், காலையில் சுதேஷ் கட்டியது. தண்ணீருக்கு வெயிலும் உங்களுக்கு நிழலும் குறையாமல், நோய்நொடியின்றி நெடுநாள் வாழ வேண்டுமென்று கழிவுநீர்ப் பிரிவு ஊழியர் அனைவரும் ஒப்பமிட்டு வாழ்த்துகிறோம். ஒரு கேள்விதான் பாக்கி. பின்னேரமானால் பலாமரத்து நிழல் குளத்தின் மேற்கு மூலையில் விழுகிறது; சுதேஷ் கத்தியைத் தீட்டி வைத்துக்கொண்டு நிற்கிறான். அந்தக் கிளையை வெட்டிவிடலாமா மேடம், என்ன சொல்றீங்க?