பாஞ்சாலி வீட்டுக் கதவுல என்ன எழுதறது

வேணாம் ஆம்ப்ரோஸ் அண்ணே, பிரஷ்ஷ டப்பாவுலயே வைங்க. என் கதவுல ஒண்ணும் எழுத வேணாம். மொதல்ல இப்படி உக்காருங்க, காபி போட்டுட்டேன். ஜோகுபாளையத்துல இருக்கற கதவு பூரா எழுதிட்டு வரீங்க, கை வலிக்காதா?

தெரியும், பக்கத்து வீட்டு குளோரியா அக்காதான் அனுப்பியிருக்கும். பாஞ்சாலி வீட்ட மட்டும் விட்டுடாதீங்கன்னு சொல்லுச்சா? அதானே பாத்தேன். பேயி வந்து கதவத் தட்டுமாம், நம்ம வீட்டாளுங்க கொரல்லயே கூப்டுமாம், தொறந்தா ஆளு காலியாம். கதவுல கன்னடத்துல நாளே பான்னு எழுதி வெச்சா, சரி, நாளைக்கு வரச் சொல்றாங்கன்னு படிச்சிட்டுத் திரும்பிப் போயிடுமாம். மறுநாளும் அதே எழுத்து, மறுபடியும் திரும்பிப் போவுமாம். ரேஷன் கடைல நம்மள அலைய வுடறது பத்தாதுன்னு இப்பப் பேயையும் அலைய வுடறீங்க.

சிரிக்கறீங்களே. நீங்க சர்ச்சுக்குப் போறவரு, இதெல்லாம் நம்ப மாட்டீங்க, இல்ல? அப்புறம் எதுக்கு மொதல்ல உங்க வீட்டுக் கதவுல எழுதினீங்களாம்? உங்க வீட்டம்மா பெர்னதெத் அக்கா எல்லாத்தையும் சொல்லிடுச்சி! சரி சரி, வெக்கப்படாதீங்க, காபி ஆறுது.

இது ஊரா இருந்த எடந்தானே அண்ணே. சுத்தி டவுன் வந்துடுச்சி, இருந்த பேயிங்க எங்க போவும்? ஏரிப் பக்கம் துணி தொவைக்கற சத்தம் கேக்குமாம், ஆளு இருக்காதாம். வேப்ப மரத்துக்குக் கீழ நின்னுக்கிட்டு ஒருத்தன் பீடி கேப்பானாம். குடுத்தா தேங்க்ஸ்ஸும் சொல்லுவானாம். யாருக்கு என்ன கெடுதல் பண்ணுச்சி, சொல்லுங்க?

என் வீட்லயும் ஒண்ணு இருந்துச்சி. அட, எழுந்திருக்காதீங்க, நல்ல பேயி அது! நான் சமையக்கட்ட விட்டு இந்தாண்ட வந்தாப் போதும், டக்குனு லைட்ட அணைச்சிடும். ஆளில்லாத ரூம்ல ஃபேன் சுத்தினா அதுக்குப் பொறுக்காது. கொழாய சரியா மூடாம வந்தா மூடி வெச்சிடும். செருப்பக் கண்டபடி கழட்டிப் போட்டேன்னா, திரும்பி வந்து பாத்தா ஜோடி சேத்து சொவரு ஓரமா இருக்கும்.

பயந்தேன், ஏன் பயப்படாம? மொத நாளு சாமி படத்துக்கு முன்னாடியே உக்காந்துட்டேன். அப்புறம் பழகிடுச்சி. வேணும்னே லைட்டப் போட்டுட்டு வாசல்ல வந்து நிப்பேன். அணைஞ்சிடும். எனக்குச் சிரிப்பு தாங்காது.

போன மாசம் என் பொண்ணு சிந்து பொம்மனஹள்ளிலேருந்து வந்தா. அம்மா தனியா இருக்குதேன்னு சாக்பீஸ எடுத்து, கதவு பூரா முழம் முழமா நாளே பான்னு எழுதிட்டுப் போயிட்டா. அன்னியோட சரி. லைட்டு அது பாட்டுக்கு எரிஞ்சிக்கிட்டே கெடக்கு, நானே எழுந்து போயி அணைக்கிறேன். வீடே வெறிச்சுன்னு ஆயிடுச்சி அண்ணே, ரொம்ப பேஜாரா இருக்கு. ஈரத்துணி போட்டு அழிச்சும் பாத்துட்டேன். அப்பவும் வரல.

ஏன் வரலயா? வேற பேயா இருந்தா வந்திருக்கும். எங்க வீட்டுக்காரரு சாமிநாதன உங்களுக்குத் தெரியும்ல, தவறிப் போற வரைக்கும் பீன்யாவுல கம்பெனி கேட்டுல வாட்ச்மேனா இருந்தாரே. அவருக்குப் போர்டுல எழுதியிருந்தா அதுதான் சட்டம். ஒரு தடவ லால்பாக் போனோம். புல்லு மேல உக்காரக் கூடாதுன்னு போர்டு. ஜனமே உக்காந்து சாப்பிடுது, இவரு மட்டும் லெமன் சாதத்த நின்னுக்கிட்டே சாப்ட்டாரு, என்னையும் நிக்க வெச்சாரு! கார்டு காட்டாம உள்ள வரக் கூடாதுன்னு எழுதியிருக்குன்னு மொதலாளியையே கேட்டுல நிறுத்தின மனுஷன். கன்னடம் எழுத்துக் கூட்டிப் படிக்கக் கத்துக்கிட்டதே போர்டு படிக்கத்தான். நாளே பான்னு அவ்ளோ பெரிசா எழுதியிருந்தா அவரு எப்படி அண்ணே உள்ள வருவாரு? அழிச்சா மட்டும் பத்தாது. வரலாம்னு எழுதி வெச்சாத்தான் வருவாரு.

அட, நீங்க எதுக்குக் கண்ணத் தொடைக்கறீங்க? காபியக் குடிங்க. நான் என்ன இப்ப அழுவுறேனா?

ஆமா, நீங்க சொல்றதும் சரிதான். கதவு வெறுமையா இருந்தா, ரெண்டு வீட்டுக்கும் ஒட்டுச் சொவரு, பேயி உங்க வீடு வழியாப் பூந்து எங்க வீட்டுக்கு வந்துடும்னு குளோரியா அக்கா சண்டைக்கு வரும். எழுதிடலாம், எடுங்க பிரஷ்ஷ. ஆனா கன்னடத்துல பான்னு வேணாம், பான்னா வான்னுதானே. அவர நான் ஒரு நாளும் வா, போன்னு பேசினதில்ல. தமிழ்லயே எழுதுங்க. இன்னிக்கே வாங்க. அவ்ளோதான்.

கொஞ்சம் பெரிசாவே எழுதுங்கண்ணே. கண்ணாடிய டிவி மேல வெச்சிட்டுப் போயிட்டாரு.